மஞ்சள் ஹோட்டலுக்கு ஒரு வீல்செயர்

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் மனைவி குணமாகிவிட்டார்.

அவருக்கு நோய் எதுவும் வந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் எங்கள் மாதா கோயிலில் இரண்டு ஞாயிறுகளாக அவருக்காக மன்றாடியிருக்கிறார்கள். மூன்றாம் ஞாயிறு அவர் தன் காலால் நடந்து உள்ளே வருகிறார். முகம் வேறு வெயிலில் நன்றாகக் கறுத்து மினுங்குகிறது. பிறகு சனம் என்னதான் நினைக்கும்? பின்வரிசையில் ஒரு அம்மா சிலுவை அடையாளமே போட்டுக்கொண்டார்!

முதலில் இருந்து சொல்கிறேன்.

மனைவியின் பெயர் பிலோமினா. அவருக்கு ஒரே ஒரு அக்கா, தெரேசா. அவ அமெரிக்காவில், அரிசோனாப் பாலைவனத்தில் மகன் ஜூட்டோடு இருக்கிறா. அவவின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. ஆகவே பார்ப்பதென்றால் நாங்கள்தான் போக வேண்டும். சகோதரிகள் இருவரும் கடைசியாக நேரில் பார்த்தபோது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் இங்கே கனடாவில், மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறாள்.

இவ்வளவு காலமும் ஏன் போகவில்லை? முதலில் குடிவரவுக் கடதாசிகள் சரியில்லை. பிறகு கடதாசிகள் சரி, லீவு இல்லை. பிறகு நான் ஓய்வு பெற்றேன், லீவு தாராளமாக வந்தது... அதற்குள் பிலோவின் முழங்கால் போய்விட்டது.

விமான நிலையம் என்றால் என்ன, விமானம் ஏறும் இடமா? இல்லை. அது நடக்கும் இடம். நடுவில் கொஞ்ச நேரம் பறக்க விடுகிறார்கள், அவ்வளவுதான். வீட்டில் இருந்து சந்திக் கடைக்குப் போகவே இரண்டு தரம் நின்று மூச்சு விடுகிற பிலோ, டோர்வாலில் கவுண்டரில் இருந்து கடைசி கேட் வரை எப்படி நடப்பார்? (விமான நிலையத்துக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்களாம். நாங்கள் டோர்வால் என்றுதான் சொல்வோம். பழகிய வாய்.)

என்னைத் தெரிந்த வாசகர்களுக்குத் தெரியும், வேலை செய்த காலம் முழுக்க நான் மற்றவர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பியே வயிறு வளர்த்தவன். முதலில் கொழும்பில் ஒரு டிக்கெட் அலுவலகம், பிறகு மொன்றியலில் ஒரு பயண முகவர் நிலையம். இப்போதும் எங்கள் ஆட்கள் கூடி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில் யாராவது டிக்கெட் எடுத்தால் எனக்குப் போன் வரும். ‘அண்ணை, அரிசிமாக் கொண்டுபோகலாமோ?’ கொண்டுபோகலாம். ‘ஊறுகாய்?’ கைப்பையில் வைக்காதே, அது அவர்கள் கணக்கில் தண்ணீர் மாதிரி. ‘அமெரிக்க அதிகாரி கேள்வி கேட்டால்?’ கேட்டதற்கு மட்டும் பதில் சொல். எத்தனை நாள் என்று கேட்டால் நாளைச் சொல். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் இருந்து தொடங்காதே.

இப்படிப்பட்ட எனக்கு வீல்செயர் ஒழுங்கு செய்வது ஒரு வேலையா? டிக்கெட் எடுக்கும்போதே சொன்னால் போதும். மூன்று தரம் இருக்கிறது. படி ஏறுவேன், தூரம் நடக்க மாட்டேன் என்பது முதல் தரம். படியும் ஏறமாட்டேன் என்பது இரண்டாவது. விமானத்துக்குள்ளும் நடக்க மாட்டேன் என்பது மூன்றாவது. பிலோ முதல் தரம். சதம் காசு கட்டத் தேவையில்லை.

விளக்கமாக எடுத்துச் சொன்னேன்.

“நான் என்ன, வாதம் வந்த ஆளே?” என்றார்.

“வாதம் இல்லையப்பா, முழங்கால்.”

“வீல்செயரில போறதைக் கண்டால் சனம் முழங்கால் எண்டோ சொல்லும்? பிலோமினாவுக்குக் கை கால் விழுந்திட்டுது எண்டு பின்னேரத்துக்குள்ள செயின்ட்-மிஷேல் முழுக்கக் கதை போயிடும்.”

“போனால் என்ன?”

“உங்களுக்கென்ன! சனம் வந்து உங்களையோ பாக்கப்போகுது?”

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு ஒருவர் நோயில் விழுந்தால் போதும், அன்பு பெருக்கெடுத்துவிடும். சூப்போடு வருவார்கள். கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். தங்களுக்குத் தெரிந்த, அதே நோயால் செத்துப்போன ஆட்களின் கதைகளைச் சொல்வார்கள். பிலோ பயந்தது நோய்க்கு அல்ல, அந்த அன்புக்கு.

பனி கொட்டும் ஒரு முழு மாரிகாலம் எங்களுக்குள் இந்த வழக்கு நடந்தது. முடித்து வைத்தது தெரேசாக்காதான். ஒருநாள் போனில் சொன்னா: “பிலோ, எனக்கும் எழுவது தாண்டிட்டுது. நீ இந்த முறை வராட்டில், பேந்து எனக்காக வரவேண்டி வந்தால் நான் எழும்பி உன்னைப் பாக்கமாட்டன்.”

பிலோ போனை வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“விடியக்காலம புறப்படுற பிளேனிலை போடுங்கோ. அந்த நேரம் எங்கட சனம் ஒருத்தரும் நிக்காது.”

போட்டேன். விடியற்காலையில் டோர்வாலில் தமிழர்கள் நிற்கமாட்டார்கள் என்று நினைப்பவர் மொன்றியலில் ஷிஃப்ட் வேலை செய்ததில்லை என்று அர்த்தம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. டிக்கெட் உறுதியாகும்வரை உண்மைகளை அளவாகத்தான் விட வேண்டும். இது தொழில் அனுபவம்.

தலையை மூடி ஸ்கார்ஃப், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, பனிக்காலக் கோட்டு. வங்கியில் கொள்ளையடிக்கப் போகிற மாதிரி பிலோ கவுண்டரில் நிற்கிறார். வீல்செயரைத் தள்ளிக்கொண்டு சீருடையில் ஒருவர் வந்தார்.

“அக்கா...! பிலோமினாக்கா எல்லோ? என்னக்கா நடந்தது?”

யேசுதாசன். எங்கள் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். மைக் இல்லாமலே கடைசி வாங்கில் இருப்பவர் வரைக்கும் கேட்கும் குரல்.

“ஒண்டுமில்லைத் தம்பி. முழங்கால்.”

“ஓமோம்... முழங்கால்,” என்றார் யேசுதாசன். மருத்துவமனையில் மற்றவர்கள் பொய் சொல்லும்போது நாங்கள் தலையாட்டுவோமே, அந்தத் தலையாட்டல்.

“தம்பி, இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்.”

“சீச்சீ! நான் ஏனக்கா சொல்லப்போறன்?”

மனுஷன் தொழிலில் மன்னன். நீண்ட வரிசையை விட்டு ஒதுக்குப்பாதையால் போனார். ‘பர்தோன், பர்தோன்’ என்று அவர் பிரெஞ்சில் வழி கேட்க, கூட்டம் கடல் மாதிரிப் பிரிந்தது. பாதுகாப்புச் சோதனையில் மட்டும் ஒரு தடங்கல். கருவி கத்தியது. பார்த்தால் பிலோவின் சேலையில் இருந்த ஊசிகள்! தோளில், இடுப்பில், மடிப்பில்... பெண்களே, பயணத்தன்று ஊசி குறைந்த உடுப்பு உடுங்கள். என் பேச்சை வீட்டில் கேட்கவில்லை, நீங்களாவது கேளுங்கள்.

கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிலோவின் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. இரண்டு பையும் இரண்டு கோட்டும் தூக்கிக்கொண்டு யேசுதாசனின் வேகத்துக்குப் பின்னால் ஓடிய எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பீனிக்ஸில் இறங்கினோம். அங்கே வீல்செயர் தள்ளியது ஒரு மெக்சிக்கோப் பெண். வெளியே போகும் கண்ணாடிக் கதவு தெரிந்ததும் பிலோ கையைத் தூக்கினார்: “ஸ்டொப்! ஸ்டொப்!”

“என்னப்பா?”

“அக்கா என்னை இப்பிடிப் பாக்கக்கூடாது. பயந்துபோவா. நான் நடந்து போறன்.”

எழும்பினார். சேலையைச் சரிசெய்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, ராணி மாதிரி நடந்தார். கதவு திறந்தது.

அந்தப் பக்கத்தில் தெரேசாக்கா ஒரு வீல்செயரில் இருந்தபடி, “விடடா, விடடா, சித்தி பாக்கப்போறா!” என்று மகனின் கையைத் தட்டிவிட்டு எழும்ப முயன்றுகொண்டிருந்தா.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் நொண்டினார்கள். நடுவில் வந்து, ஒருவரை ஒருவர் பிடிக்காவிட்டால் இருவருமே விழுந்துவிடும் நிலையில், பிடித்துக்கொண்டார்கள்.

“உனக்குமோடி?”

“உங்களுக்குமோ அக்கா?”

“அம்மான்ர முழங்கால்! காணியைப் பிரிக்கத்தான் அவவுக்குச் சண்டை. இதை மட்டும் சரிசமனாப் பிரிச்சுத் தந்திட்டா.”

இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள். எது எப்போது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டேன். பெட்டிகளை யாராவது பார்க்கத்தானே வேண்டும்?

ஜூட்டின் வீடு மாடியில், லிஃப்ட் கிடையாது. அதனால் அவன் வேலை செய்யும் ஹோட்டலிலேயே எங்களுக்கும் தாய்க்கும் பக்கத்துப் பக்கத்தில் அறை எடுத்திருந்தான். பாலைவனத்தின் நடுவே, கள்ளிகளுக்கிடையில், தட்டையான மண்வீடுகள் போல ஒரு விடுதி. ஆனால் நிறம்! ஒரு கட்டடம் கத்தரிப்பூ ஊதா. ஒன்று செத்தல் மிளகாய்ச் சிவப்பு. ஒன்று பழுத்த பப்பாளி. எங்களுடையது மஞ்சள். அம்மியில் அரைத்தெடுத்த அசல் மஞ்சள். கதவு ஒவ்வொன்றும் நீலம்.

“இதென்னடா, பெயின்ட் கடைக்காரன் விட்டிட்டுப் போனதோ?” என்று தெரேசாக்கா மகனைக் கேட்டா.

நான் ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்தேன். மொன்றியலில் வருடத்தில் பாதியை நாங்கள் கறுப்பு, சாம்பல், மண்ணிறம் என்று மூன்று நிறத்துக்குள் கழிப்பவர்கள். கோட்டும் அதுதான், தெருவும் அதுதான், வானமும் அதுதான். கண்ணுக்கும் பசி இருக்கும் என்று அங்கேதான் தெரிந்தது.

இன்னொரு தகவல்: இப்படிப்பட்ட விடுதியில் வரவேற்பறைக்கு அருகே தரைத்தள அறை வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னதாகவே கேளுங்கள். வந்திறங்கிய பிறகு கேட்டால் சிரித்துக்கொண்டே கடைசி அறையைத் தருவார்கள். உள்ளே சுற்ற மின்சார வண்டி இருக்கிறது, கேட்டால் வரும். டோர்வாலில் ருசி கண்ட பிலோ இப்போது தயங்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு வண்டி. கள்ளித் தோட்டம் பார்க்க வண்டி. அக்காவும் தங்கையும் பின்சீட்டில் ஊர்வலம் போக, நான் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் மெய்க்காவலன் மாதிரி.

மத்தியானங்களில் இருவரும் நீச்சல் குளத்து ஓரத்தில் சேலையைக் கணுக்கால் வரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் காலை விட்டபடி இருப்பார்கள். குளத்தில் இறங்க நீச்சல் உடுப்பு கட்டாயம் என்று பலகை சொன்னது. காலை மட்டும் விட என்ன உடுப்பு என்று பலகை சொல்லவில்லை. நான் இரண்டு தரம் வாசித்துப் பார்த்து அனுமதி கொடுத்தேன்.

அப்படி ஒரு மத்தியானம் மகள் ரொக்ஸ்பரோவிலிருந்து ஹோட்டலுக்குப் போன் எடுத்தாள்.

“அப்பா, அம்மா எப்பிடி?”

“தண்ணிக்குள்ள காலை விட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடுறா.”

“இஞ்சை அம்மாவுக்கு ஸ்ட்ரோக்காம்! அமெரிக்காவுக்கு ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறீங்களாம்! நேற்றுப் பூசையில ஃபாதர் பேர் சொல்லி மன்றாடினவர். உங்கட வீட்டுக்குள்ள பூமரத்துக்குத் தண்ணி ஊத்தப் போனால் வாசல்ல சூப் சட்டி நிக்குது!”

யேசுதாசன் ஒருவருக்கும் சொல்லவில்லை. உருக்கமாக மன்றாடக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பயந்து பயந்து பிலோவிடம் சொன்னேன். ஐஸ்கிரீம் கரண்டி அந்தரத்தில் நின்றது. இனி இந்தப் பயணம் முழுக்க முகாரிதான் என்று நினைத்தேன். அப்போது தெரேசாக்கா தண்ணீரில் காலை ஆட்டியபடி சொன்னா:

“ஊரே மன்றாடுதெண்டால் நல்லதுதானேடி. வாதத்துக்கு வேண்டாம். முழங்காலுக்குப் பாவிச்சுக்கொள்ளு. மிச்சம் இருந்தால் என்ர வழக்குக்குத் தா.”

பிலோ சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது.

இனிப் போன ஞாயிறுக்கு வருவோம். பூசை முடிந்ததும் பெண்கள் பிலோவைச் சூழ்ந்துகொண்டார்கள். கையைப் பிடித்துப் பார்த்தார்கள், வாய் கோணியிருக்கிறதா என்று பார்த்தார்கள். ‘ஓம், இப்ப சுகம், கடவுள் கிருபை’ என்று சொல்லித் தப்பியிருக்கலாம். எனக்குத் தெரிந்த பிலோ அதைத்தான் சொல்லியிருப்பார்.

“எனக்கு ஒரு வாதமும் வரேல்லை,” என்றார், எல்லோருக்கும் கேட்க. “முழங்கால் ஏலாது. வீல்செயர் கேட்டன், தந்தவை. அதில ஏறிப் போய் என்ர அக்காவைப் பாத்திட்டு வந்தனான்.”

சூப் கொண்டுவந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம். பிறகு, செபமாலைச் சங்கத் தலைவி மேரி ரோஸ் அக்கா மெல்லப் பக்கத்தில் வந்தார். லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகாமல் ‘அங்கத்தைய குளிர் எனக்கு ஒத்துவராது’ என்று, மொன்றியலில் இருந்துகொண்டு, வருடக்கணக்காகச் சொல்லிவருபவர்.

“பிலோமினா... உது லண்டனுக்கும் தருவினமோ?”

பார்த்தீர்களா! அவரைத் தடுத்தது லண்டன் குளிர் இல்லை. அதுவும் முழங்கால்தான். அதற்குப் பிறகு சுற்றி நின்றவர்களில் எத்தனை பேர் குனிந்து தங்கள் முழங்காலைத் தடவினார்கள் என்று எண்ண எனக்கு நேரம் போதவில்லை.

இந்த வாரம் முழுக்க வீட்டுப் போன் ஓயவில்லை. பாதிப் போனை என் கையிலிருந்து பிலோ பறித்துவிடுகிறார். “அவர் கதைச்சால் நீட்டுவார், நான் சொல்லுறன்,” என்று தொடங்கி, மூன்று தரத்தையும் என்னைவிடச் சுருக்கமாக விளக்குகிறார். சேலை ஊசி பற்றிய எச்சரிக்கையும் உண்டு, தான் கண்டுபிடித்த மாதிரி.

அடுத்த மாரிக்கு மஞ்சள் கட்டடத்தில் மறுபடி அறை சொல்லியாகிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். இந்த முறை இரண்டு வீல்செயர்.

இரண்டாவது யாருக்கு என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்... யேசுதாசன் சொல்லுவார்.