முழங்கைக்கு மேல்

ரோசலினுக்குக் குளிர் தாங்காது என்று டத்தோ கிராமாட் வட்டாரத்தில் நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். பினாங்கு வெயிலில் யாருக்கு ஐயா குளிரும்? ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உடம்பெல்லாம் பிசுபிசுக்கிற நாளிலும் மணிக்கட்டு வரை இறங்கும் முழுக்கை ரவிக்கையோடு பூசைக்கும் பாசாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தாள். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஆயா. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கம் அது. தனியாக நிற்கும் விதவைக்கு அப்படி ஒரு வேலை கிடைப்பது லேசில்லை.

ரவிக்கைக்குள் இருந்தது குளிர் இல்லை, தழும்புகள். புருஷன் காய்ச்சலில் போய், பின்னாலேயே கைக்குழந்தையும் போன மழைக்காலத்தில் அவளே தன் இடது கையில் உண்டாக்கிக்கொண்டவை. எப்படி என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். பிழைத்துக்கொண்டாள், அது போதும். ஆனால் தன் உடம்பையே காயப்படுத்திக்கொண்டவளை நோயாளிகள் பக்கத்தில் விடலாமா என்று யாராவது ஒரு புண்ணியவான் கேட்பான், வேலை போய்விடும் என்ற பயம் அவளை விடவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வார்டு மேற்பார்வைக்குப் புது மேட்ரன் வந்து சேர்ந்தாள். வெள்ளைக்காரி, நெட்டை, சுத்தம் சுத்தம் என்று உயிரை எடுப்பவள். வந்த வாரமே உத்தரவு போட்டாள். வார்டில் எல்லாருக்கும் சட்டைக் கை முழங்கைக்கு மேலேதான் இருக்க வேண்டும், கழுவினால் முழங்கை வரை கழுவ வேண்டும். உத்தரவில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, ரோசலினுக்கு மறுக்க வழியில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். விட்டுவிட்டு எதைச் சாப்பிடுவது என்று யோசித்தாள். மறுநாள் ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் நின்றாள்.

மேட்ரன் கண்ணில் பட்டுவிட்டது. "அது என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டாள். ரோசலின் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் ஹமீதா, கூட வேலை செய்யும் ஆயா. அவள் பாவம், மேட்ரனுக்குப் புரியட்டுமே என்று மலாயில் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"பாருட் லாமா, மேம்."

பழைய தழும்பு என்று அர்த்தம். ஆனால் மேட்ரன் மலாய் கற்றது தன் வீட்டுக் குசினிச் சமையல்காரனிடம். குசினியில் பாருட் என்றால் தேங்காய் துருவுவது.

"ஆ! கெலாப்பா!" தேங்காய்தானா என்றாள். தன் குசினிக்காரனின் விரல்களும் இப்படித்தான் என்று சொல்லி, துருவும்போது கவனமாக இரு என்று ரோசலினின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஹமீதா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அன்று முதல் வார்டில் அவள் பெயர் 'தேங்காய் ரோசலின்'. அவளும் சிரித்துக்கொண்டாள். பொய் சொன்னது அவள் இல்லையே!

கொஞ்ச காலம் கழித்து நவமணி என்ற சின்னப் பெண்ணைக் கெலுகோர் பக்கமிருந்து கொண்டுவந்தார்கள். கையில் கட்டு. காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் அவள் கட்டிலருகே நிற்கவில்லை. அவளும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள், சாப்பாட்டைத் தொடவில்லை. ரோசலின் கஞ்சி கொண்டுபோனாள். நவமணியின் கண் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, ரோசலினின் கையைப் பார்த்தது.

"தேங்கா துருவுனதுன்னு சொல்றாங்களே. நெசமாவாக்கா?"

அடுத்த கட்டிலருகே மேட்ரன் நின்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, வேலை பத்திரம். ஆனால் கேட்டவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ரோசலினால் அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா. நானே செஞ்சுக்கிட்டது. ஒன்னய மாதிரிதான்."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என்ன சொன்னாள் என்று மேட்ரன் ஹமீதாவைக் கேட்டாள். "தா தாவு, மேம்," எனக்குத் தெரியாது என்று ஹமீதா தரையைப் பார்த்தாள். தோழியைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. கடைசியில் ரோசலினே கையை நீட்டினாள்.

"நோ கோகனட், மேடம். மீ."

மேட்ரன் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நவமணியைப் பார்த்தாள். வந்ததிலிருந்து சுவர்ப் பக்கமே கிடந்த பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"இனி இந்தக் கட்டில் உன் பொறுப்பு" என்று மட்டும் ரோசலினிடம் சொல்லிவிட்டு மேட்ரன் அடுத்த நோயாளியிடம் போனாள்.

அவ்வளவுதான். வேலை போகவில்லை, வானம் இடிந்து விழவில்லை. ரோசலின், ஆயாக்கள் உட்காரக் கூடாத கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமும் இதற்கா பயந்தோம் என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நவமணி கிண்ணத்தைத் தொட்டாள். "ஆறிப்போச்சேக்கா."

ரோசலின் தன் கையைத் தடவிக்கொண்டாள். "ஆமாம்மா. அது எப்பவோ ஆறிடுச்சு லா."

"கஞ்சியச் சொன்னேன்க்கா," என்றாள் நவமணி. சொல்லிவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தாள்.