நித்திரை கொண்ட கை

என் பேத்திக்கு நான்கு வயதாக இருந்தபோது அவளுடைய இடக்கையை, கோடு போடும் அடிமட்டத்தால் அடித்தேன். பிறகு அவளுடைய ஆசிரியையிடம் அந்தக் கையைப்பற்றிப் பொய் சொன்னேன். இரண்டில் எது பெரிய பிழை என்று கேட்டால் பொய்தான் என்பேன்.

நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். மகளுக்கும் மருமகனுக்கும் பின்னேர ஷிப்ட். பேத்தியைப் பாலர் வகுப்பிலிருந்து கூட்டி வருவதும், சாப்பாடு கொடுத்துப் படுக்க வைப்பதும் என் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

இலைகள் நிறம் மாறத் தொடங்கியதும் ஆசிரியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு துணிப்பை கொடுத்துவிட்டார். அதற்குள் தடித்த மட்டையில் வெட்டிய மேப்பிள் இலை இருக்கும். அதன் ஓரமெல்லாம் ஓட்டைகள். கம்பளி நூலை அவற்றினூடாகக் கோத்து வர வேண்டும். ஓக் மரத்துக் கொட்டைகளும் அவற்றைப் பிடித்துக் கிண்ணத்தில் போட ஒரு சிறிய இடுக்கியும் இருக்கும். நுனிவிரலால் ஒட்டுவதற்குப் பூசணி விதைகள். பென்சில் பிடிப்பதற்குமுன் விரல்கள் பலப்பட வேண்டும் என்று அந்த இளம்பெண் எனக்கு விளங்கப்படுத்தினார். எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் பையைப் பேத்தி வலக்கையால் ஒழுங்காகச் செய்து முடித்தாள். அடுத்த பைகளில் கை மாறத் தொடங்கியது. இடுக்கியை இடக்கையால் எடுத்தாள். பிறகு கரண்டியையும் அப்படியே எடுத்தாள். கோயிலில் ஐயர் திருநீறு கொடுத்தபோது நீட்டியதும் இடக்கைதான்.

"மாஸ்டர், பேத்தி இடக்கைக்காரியோ?" என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் சிரித்தார். "வெள்ளைக்காரப் பிள்ளையளோட சேர்ந்து பழகிட்டா போல."

எனக்கு முகம் சுட்டது. வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை இடக்கையால் கத்தரிப்பதை நான் பார்த்திருந்தேன். அதைப் பார்த்துப் பழகிவிட்டாள் என்று முடிவு செய்தேன். கோடை முழுவதும் வலக்கையால் சிந்தாமல் சோறு தின்ற பிள்ளை ஏன் திடீரென்று மாற வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. மூளையின் இடப் பாதிதான் வலக்கையை ஆள்கிறது என்று ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியவன் நான்.

மகள் வேலைக்குப் போனபின் திருத்தத் தொடங்கினேன். இடக்கையை அவளுடைய தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் அவளை இருத்தினேன்.

"வலக்கையால எடு பிள்ளை."

"அந்தக் கைக்கு நித்திரை வருது, அம்மப்பா."

"அப்ப எழுப்பு."

அவள் இடக்கையை வெளியே எடுத்து, அதனால் வலக்கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். "எழும்பு, எழும்பு" என்று அதைத் தட்டினாள். நான் சிரித்தேன். பிறகு, வெளியே எடுத்த குற்றத்துக்காக இடக்கைக்கு அடிமட்டத்தால் ஓர் அடி கொடுத்தேன். பலமான அடி இல்லை. அவள் அழவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தபடி கையைத் திரும்பவும் தொடைக்குக் கீழே வைத்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியெல்லாம் இலைகள் குவிந்து கிடந்தன. அவள் எனக்குப் பின்னால் அவற்றுக்குள் நடந்து வருவாள். ஒரு கால் சரக்கென்று மிதிக்கும். மற்றது நீளமாக இழுபடும். திரும்பிப் பார்த்தால் ஒரு பக்கம் காலடிகள், மறுபக்கம் ஒரு கோடு.

"காலைத் தூக்கி நட. சப்பாத்துத் தேயப்போகுது" என்றேன்.

ஒருநாள் ஆசிரியை வாசலில் என்னை நிறுத்தினார். வீட்டில் எந்தக் கையால் வேலை செய்கிறாள் என்று கேட்டார். முன்பு வலக்கையால் கத்தரித்தவள் இப்போது அதைப் பாவிப்பதேயில்லை, அதனால்தான் கேட்கிறேன் என்றார். இடக்கை என்று ஒப்புக்கொண்டால் அதையே பழக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். வீட்டில் எப்போதும் வலக்கைதான் என்றேன். அதோடு நில்லாமல், நானும் ஓர் ஆசிரியன், கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். அவருடைய முகம் தெளிந்தது. பேத்தி என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

யன்னல் கண்ணாடிகளில் உறைபனி படிந்திருந்த ஒரு சனிக்கிழமை காலை, மகள் கொடுத்த பால்கோப்பை பேத்தியின் கையிலிருந்து விழுந்தது. பிள்ளை குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இது எப்போது தொடங்கியது என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றாள் மகள். நான் குறுக்கிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கை மாறியது, கால் இழுபட்டது, அடிமட்டம், ஆசிரியையிடம் சொன்ன பொய் எல்லாம். டொக்டர் எழுதிக்கொண்டே போனார். மகள் அவருடைய பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், "அப்பா, அவள் உங்களிட்ட ஏதும் சொன்னவளோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"என்னெண்டு?"

"கைக்கு நித்திரை வருதெண்டு."

அவள் என்னை அங்கேயே விட்டுவிட்டுப் பிள்ளையிடம் உள்ளே போனாள்.

தலைக்குள் ஒரு கட்டி. மெதுவாக வளரும் வகை என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியது, கால் ஓரளவு தேறியது. வலக்கை விரல்கள் தேறவில்லை. முன்பே கொண்டுவந்திருந்தால் கை தப்பியிருக்குமா என்று டொக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலுக்குள் எனக்கு ஒளிய இடமில்லை.

மகள் வேலையைக் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். பிள்ளையை என்னோடு தனியே விடுவதை நிறுத்தினாள். அவள் செய்தது சரி.

பனிக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியையிடம் என் பொய்யைச் சொன்னேன். அன்றைக்குத் தாய்க்குப் போன் பண்ணத்தான் இருந்தேன், நீங்கள் ஆசிரியர் என்றதால் விட்டுவிட்டேன் என்றார். என்னைத் திட்டவில்லை. தன்னைத்தான் நொந்துகொண்டார். அதையும் நான்தான் செய்துவைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாள், பேத்தி இடக்கையைச் சோற்றுக்கு நீட்டிவிட்டு என்னைக் கண்டதும் இழுத்துக்கொண்டாள். நான் என் வலக்கையை மடியில் வைத்துவிட்டு இடக்கையால் சாப்பிட்டேன். குழம்பு என் சேட்டின் முன்பக்கமெல்லாம் வடிந்தது. அவள் சிரித்தாள், பிறகு சாப்பிட்டாள். அன்றிலிருந்து நான் வலக்கையால் சாப்பிடுவதில்லை.

மிசிசாகாவில் ஒரு கலியாண வீட்டில், எதிரே இருந்தவர் பகிடி விட்டார். "என்ன மாஸ்டர், கனடா வந்து கையும் மாறிப்போச்சோ?"

"பேத்தியின்ர இடக்கைக்கு அடிச்சனான். வலக்கைக்கு வருத்தமெண்டு தெரியாமல். அதுதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்த மகள் காதிலும் விழுந்தது. அவள் தன் தட்டையே பார்த்தபடி சாப்பிட்டாள்.

பேத்திக்கு இப்போது எட்டு வயது. இலை உதிரும் காலத்தில் நல்ல சிவப்பு இலைகளாகப் பொறுக்கி வந்து, விரல்கள் அசையாத வலக்கையைப் பாரமாக வைத்துத் தாளில் ஒட்டுவாள். அழகான ஒன்றை எனக்குத் தருவாள். தருமுன் அந்த இடக்கை பாதியில் நிற்கும். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் என் இடக்கையை நீட்டி வாங்கிக்கொள்வேன்.

அடுத்த முறையும் பார்ப்பாள்.