பேய்க்குக் கொடுத்த குரல்

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். இவள் வாழ்க்கைப்பட்டது என்னவோ கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பரம சாதுவுக்கு. பேயாகிப்போனது இவள்தான். அதுவும் வாரநாள் சாயங்காலங்களில் மட்டும், நடுநடுவே விளம்பரத்தோடு.

டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்குப் 'பேயக்கா' என்று பெயர். திரையில் கூந்தலை விரித்துப்போட்டு நிற்கிற நடிகைக்கு முறைக்க மட்டும்தான் தெரியும். அலறுவது, சிரிப்பது, குலநாசம் ஆகட்டும் என்று சபிப்பது எல்லாம் இருட்டறையில் மைக்குக்கு முன்னால் நிற்கும் பேயக்காவின் பொறுப்பு. பேர் அவளுக்கு, தொண்டைப் புண் இவளுக்கு. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது, உலகம் தோன்றிய நாளிலிருந்து அப்படித்தானே நடக்கிறது.

வீட்டில் அந்த டிவி பேய்த் தொடருக்கு ஒரு தீவிர ரசிகர் உண்டு. அவள் மாமனார். ரிட்டயரான கணக்கு வாத்தியார். பேய், பிசாசு எதையும் நம்பாதவர். "இதுல எத்தன ஓட்டைன்னு பாக்கத்தான் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் விடாமல் பார்ப்பார். ஓட்டைகளை எண்ணுகிறவர் எதற்காக இடைவேளையில்கூட பாத்ரூமுக்குத் தனியாகப் போகாமல் பேத்தியைத் துணைக்குக் கூப்பிடுகிறார் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. பெரியவர் மானத்தைக் கெடுப்பானேன்.

பேத்திக்குப் பயம் கிடையாது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் பட்டு என்று கூப்பிடுவார்கள். பேய் அலறினால், "அம்மா இன்னிக்கு சுருதி எறங்கிட்டா" என்று தீர்ப்புச் சொல்லுவாள். அலறல் என்பது அம்மாவின் வேலை. அப்பாவுக்குப் பார்சல் மாதிரி. பேயக்காவும் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தாள். தொழில் குரலை வீட்டுக்குள் கொண்டுவரவே மாட்டாள். வீட்டுக் குரலைத் தொழிலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த வாரக் கதை இதுதான். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள், குழந்தை வீட்டில் தனியாக இருக்கிறது, பேய் வாசலில் வந்து அம்மா குரலில் கூப்பிடுகிறது. வசனத் தாளில், "மகளே, கதவைத் திற. உன் அன்னை வந்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தது. பேயக்காவுக்குத் தொழில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எந்த அம்மா சார் வாசல்ல நின்னு இப்படிப் பேசுவா? செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

டப்பிங் இயக்குநர் சோம்பல் முறித்தார். "பேய் கதவுக்கு அந்தப் பக்கம்தானே நிக்குது, வாய் தெரியாது. உதட்டுக்குப் பொருந்தணும்ங்கிற கவலையே இல்ல. உங்க வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தன் வீட்டு வாசலை நினைத்துக்கொண்டாள். "பட்டு, அம்மா வந்துட்டேன்டா. கதவத் திற. ரெண்டு கையும் நெறஞ்சிருக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றினான். "அக்கா, புல்லரிச்சிருச்சு." எதற்கெடுத்தாலும் ஃபீல் பத்தல என்று இழுத்தடிக்கிற இயக்குநரே முதல் டேக்கில் ஓகே சொன்னார். பேயக்கா அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் முதல் நாள் அப்படித்தான் மிதப்பார்கள்.

அந்த எபிசோட் ஒளிபரப்பான சாயங்காலம் அவளுக்கு வேறொரு ரெக்கார்டிங் இருந்தது. முடித்து, காய்கறி வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் பையோடு வீட்டு வாசலுக்கு வந்தாள். அழைப்பு மணி கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. கணவன் இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்வான். அவள் முழங்கையால் கதவை இடித்து, எப்போதும்போல் கூப்பிட்டாள்.

"பட்டு, அம்மா வந்துட்டேன்டா. கதவத் திற. ரெண்டு கையும் நெறஞ்சிருக்கு."

உள்ளே டிவி சட்டென்று அணைந்தது.

"மாமா, நான்தான்."

"நீங்க யாரு?" என்றது மாமனாரின் குரல். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளை 'நீங்க' என்றதே கிடையாது.

"உங்க மருமக, மாமா."

"அத நான் எப்படி நம்புறது?"

"பேயே இல்லன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"இல்லதான். இல்லாததுக்கு நான் எதுக்குக் கதவத் திறக்கணும்?"

கணக்கு வாத்தியாரிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா. அவள் மகளிடம் போனாள். "பட்டு, உன் முட்டியில தழும்பு இருக்கில்ல, சைக்கிள்லேர்ந்து விழுந்தது? அது அம்மாவுக்குத்தானே தெரியும்?"

உள்ளே கிசுகிசுப்பு. "தாத்தா, டிவில அந்தப் பேயும் தழும்பப் பத்திதான் சொல்லிச்சு." அதையும் பேசியது தான்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பையின் காது விரலை அறுத்தது. பேயக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்படியா? தினமும் பல்செட்டக் கழட்டி சிங்க்கு மேல வெச்சுட்டு, காணோம் காணோம்னு வீட்டையே ரெண்டாக்குறீங்களே, அத எடுத்துக் கழுவிக் குடுக்கிறது யாரு? பேயா?"

"மருமகதான்," என்றார் மாமனார் நிம்மதியாக. "எந்தப் பேயும் இவ்வளவு உரிமையாத் திட்டாது." தாழ்ப்பாள் விலகியது. கையில் மாப் குச்சியோடு நின்றார். "தரை துடைக்கலாம்னு எடுத்தேன்" என்றார், கேட்காமலே. ரிட்டயராகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுத் தரைக்கு அவ்வளவு பெரிய பாக்கியம் கிடைத்ததில்லை.

மகள் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "பட்டு" என்றதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பயந்திருப்பாள், தூக்கிவைத்துச் சமாதானம் செய்யலாம் என்றுதான் பேயக்கா நினைத்தாள். ஆனால் அந்த முகத்தில் இருந்தது பயமில்லை, கோபம்.

"என்னக் கூப்பிடுற மாதிரியே ஏன் அதுல கூப்பிட்ட?"

"அது வேலைடா கண்ணு."

"வேலைன்னா அலறுவ. அது உன்னுது. இது என்னோடது." உதடு துடித்தது. "அந்தப் பொண்ணு கதவத் திறந்துட்டா. நானா இருந்தாலும் திறந்திருப்பேன்."

புல்லரிச்சிருச்சு என்று ஒருவன் சொன்னதற்கு எவ்வளவு பூரித்துப்போனோம் என்று நினைக்கப் பேயக்காவுக்கு வெட்கமாக இருந்தது. யாரோ எழுதிய பேய்க்கு, தன் பிள்ளைக்கென்று வைத்திருந்த ஒன்றை அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கொடு என்று யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

"தப்புதான்டா. இனிமே அங்க அப்படிப் பேசவே மாட்டேன்."

"அந்தப் பேய்க்கும் தெரிஞ்சுபோச்சே. இனிமே என்னை வேற குரல்ல கூப்பிடு."

வேறு குரலுக்கா பஞ்சம்? அவள் காய்கறிப் பைகளைக் கீழே வைத்துவிட்டு, இதமாக ஒரு குரலில் "பட்டு" என்றாள்.

"அது பற்பசை விளம்பரம்."

கொஞ்சம் கனத்த குரலில் கூப்பிட்டாள்.

"அது லிஃப்ட்ல மாடி நம்பர் சொல்றது."

அன்பு சொட்டச் சொட்ட இன்னொன்று.

"அது போன மாசம் விஷம் குடிச்சுச் செத்த மகாராணி," என்றார் மாமனார், மாப் குச்சியில் சாய்ந்தபடி. எந்த வேளையில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் பாடத்திட்டத்தில் இல்லை.

பேயக்கா மறுபடி வாயைத் திறந்தாள். டீச்சர், நர்ஸ், வில்லி, கிளி எல்லாம் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லாவற்றையும் எங்கேயோ யாருக்கோ கொடுத்தாயிற்று. ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிறவளுக்கு, பெற்ற பிள்ளையைக் கூப்பிட இன்னொரு குரல் அகப்படவில்லை. கண் நிறைந்துவிட்டது.

மகள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, அம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

"சரி விடு. நீ கூப்பிட வேணாம்," என்று சோபாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். "நானே வர்றேன்."