ஜாஃபர் பாய் எண்ணிய கம்பி

ஜாஃபர் பாய் இன்று காலை இறந்துவிட்டார்.

மின்தூக்கிப் பராமரிப்பில் என்னுடன் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். எங்கள் ஜாலான் புசார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர்கள் எங்கள் இருவரையும் பார்த்திருப்பீர்கள். பாதுகாப்பு விதிமுறைப் பலகைக்குப் பக்கத்தில் நான்... அதற்கு முதுகைக் காட்டியபடி அவர்.

சனிக்கிழமை பிடோக்கில், தம் அடுக்குமாடி புளோக்கின் கீழே லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது, சட்டைப் பையில் இருந்த வேப், அதாவது மின்சிகரெட், வெடித்திருக்கிறது. மருத்துவமனையில் அவர் கண் விழிக்கவே இல்லை.

அந்தச் சொல்லை இங்கே எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். இந்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள் அது. இறந்தவரைப் பற்றி இதைப் பொதுவில் சொல்வது முறையா? அவருடைய மனைவியிடமே கேட்டேன்.

"எழுதுங்க அண்ணே. மறைச்சு என்ன ஆகப் போவுது" என்றார். சற்றுப் பொறுத்து, "இன்னும் யாரு யாரு பையில இருக்கோ..." என்றார்.

ஆகவே எழுதுகிறேன்.

சிகரெட்டை விடுவதற்காகத்தான் பாய் அதைத் தொட்டார். பிறகு, கடத்தி விற்கப்படும் வேப்களில் மயக்க மருந்தைக் கலக்கிறார்கள் என்ற செய்திகள் வரத் தொடங்கின. பயந்துவிட்டார். பயந்தவர் விட்டிருக்க வேண்டும். அவரோ தாமே செய்துகொள்ளத் தொடங்கினார்.

"எவனோ அடைச்சுக் குடுக்குறதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும் ஆபீசரே? நம்ம கையால சுத்துனா நமக்குத் தெரியும்ல."

நான் எந்த ஆபீசரும் அல்லன். விதிகளைப் பற்றிப் பேசுவதால் அவர் வைத்த பெயர் அது.

மெல்லிய கம்பியைச் சிறிய ஸ்க்ரூடிரைவரின் தண்டில் சுருளாகச் சுற்ற வேண்டும். நுனிகளை ஸ்க்ரூவில் மாட்டி, நடுவே பஞ்சைச் செருகித் திரவத்தில் நனைத்தால், பேட்டரி அந்தச் சுருளைச் சூடாக்கும். புகை வரும். அவ்வளவுதான் என்றார்.

அவருடைய முதல் சுருள் கோணலாக வந்தது. அடுத்தது ஸ்க்ரூவை முறுக்கும்போதே அறுந்தது. மதிய இடைவேளையில், பால் கலக்காத தே-ஓ ஆறிக்கொண்டிருக்க, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடியும் சுற்றினார்.

"பாய், மாட்டுனா கம்பி எண்ணணும். தெரியும்ல?" என்றேன்.

"அதத்தானே எண்ணிக்கிட்டு இருக்கேன்... அஞ்சு... ஆறு... பேச்சுக் குடுக்காதீங்க லா, தப்பிப் போவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சுருள் ஒழுங்காக வந்தது. பால்பாயின்ட் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு துண்டு போல... உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

அதைப் பொருத்தியது பக்கத்து நாட்டுத் தீவான பாத்தாமில் வாங்கிய ஒரு பித்தளைக் குழாயில். பட்டனை அழுத்தினால் பேட்டரி நேரே சுருளோடு சேரும். அளவு மீறினாலோ, பையில் பட்டன் தானாக அழுந்தினாலோ நிறுத்துவதற்கு உள்ளே எந்த சர்க்யூட்டும் கிடையாது. பேட்டரியோ டார்ச்லைட்டுக்கு வாங்கியது.

சுருளின் மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், பேட்டரி தாங்காது. மின்சார வேலை செய்பவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே அவர் அளந்தார். எதனால் அளந்தார் என்பதுதான்...

நாங்கள் மோட்டாருக்கு வைத்துப் பார்க்கும் அதே மல்டிமீட்டர். அரை ஓம் காட்டியது. "பாத்தீங்களா, சேஃப்" என்றார்.

"பாய், மீட்டர் வயரோட ரெண்டு முனையையும் முதல்ல ஒண்ணா சேத்து வச்சுப் பாருங்க. அந்த வயருக்கே கொஞ்சம் காட்டும். அதக் கழிக்கணும்."

"மோட்டாருக்குச் சரியா காட்டுற மீட்டரு, இத்தனூண்டு கம்பிக்குப் பொய் சொல்லுமா ஆபீசரே?"

மோட்டாரில் அந்தச் சிறிய வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. அதனால் எங்களில் யாரும் அதைக் கழித்துப் பழகியதில்லை.

சென்ற வாரம் நாங்கள் இருவரும் ஒரே லிஃப்டில் மேலே போய்க்கொண்டிருந்தோம். அவர் சட்டைப் பையை ஓரிரு முறை தடவிக்கொண்டார்.

"தொட்டுப் பாருங்களேன். பூனைக்குட்டி படுத்திருக்கிற மாதிரி இருக்கு."

தொட்டேன். இளஞ்சூடு. பையின் அடித்துணியில் தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு வட்டம். லிஃப்டுக்குள் மெல்லிய கருகல் வாசனை... மோட்டார் பழுதானால் வருமே, அது. இருவருமே பழக்கத்தால் அண்ணாந்து பார்த்தோம். மேலே ஒன்றும் இல்லை.

"பாய், உங்க வீட்டுப் பக்கத்து சமூக மன்றத்துல இதப் போடுறதுக்குன்னே பெட்டி வச்சிருக்காங்க. போட்டுட்டா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இன்னைக்கே போட்டுடுங்க."

"நோன்பு வருதுல்ல. பிறை பாத்ததும் போட்டுடறேன். வாக்குன்னா வாக்கு."

"பிறைக்கு முன்னாடி போட்டா என்ன?"

"இப்பத்தானே ஒழுங்கா ஒண்ணு சுத்தியிருக்கேன். கொஞ்ச நாளாச்சும் இழுக்க வேணாமா லா?"

கதவு திறந்தது. இறங்கிப் போனார், பையின் மேல் கை வைத்தபடி.

பிறைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இன்று ஒர்க்‌ஷாப்பில் அவருடைய மீட்டர் அவர் வைத்த இடத்திலேயே கிடந்தது. சுருள் எதுவும் இல்லாமல், வயர் முனை இரண்டையும் ஒன்றோடொன்று தொட வைத்தேன். எண் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. பாய் பார்த்த அரை ஓமில் பாதிக்கு மேல் அங்கேயே நின்றது. சுருளுக்கு மிஞ்சியது கால் ஓம்கூட இல்லை; அவர் நினைத்ததைப் போல் இரு மடங்குக்கு மேல் மின்னோட்டம்.

மாலையில் நல்லடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

மீட்டரை அணைத்து வைத்துவிட்டேன், பாய். கிளம்புகிறேன்... உங்களை வழியனுப்ப.