எல்லோர் பெயரையும் சொன்னவள்

நகர மன்றத்தில் அவரை மணிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. அந்த மன்றத்தில் கூட்டம் தொடங்கும் முன் பொதுமக்கள் எழுந்து குறை சொல்லலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். நேரம் முடிந்ததும், மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அவர் பித்தளை மணியைத் தட்டுவார். மணிக்கு முன்னால் கேட்டது கோரிக்கை. மன்றம் அதை விவாதித்தே ஆக வேண்டும். மணிக்குப் பின்னால் கேட்டது காற்றோடு போச்சு. அதே ஆள் மறுபடி பேச வேண்டுமென்றால் அடுத்த வருடம்தான்.

மன்றம் என்றால் அவருக்கு உயிர். வெளிநாட்டு மன்றங்களிலிருந்து விருந்தினர் வந்தால், தேநீர்த் தட்டோடு பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்வார். கேட்டதையெல்லாம் வீட்டில் மனைவியிடம் அளப்பார். ஒரு நாட்டில் மேயரை மக்களே நேராகத் தேர்ந்தெடுப்பார்களாம். இன்னொன்றில் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பிடித்து உட்கார வைப்பார்களாம். வேறொன்றில் சம்பளத்துக்கு வைத்த மேலாளர்தான் ஊரை நடத்துவாராம். மேயருக்கு நாடா வெட்டுவதோடு வேலை முடிந்தது. "குடுத்து வச்ச மனுஷன்" என்பாள் மனைவி.

ஓர் ஊரில் நேரம் முடிந்ததும் ஒலிபெருக்கி தானாகவே அணைந்துவிடும் என்று ஒரு விருந்தினர் பெருமையடித்தபோது மட்டும் இவருக்குப் பொறுக்கவில்லை.

"மெஷினுக்கு என்னங்க தெரியும்? மனுஷன்னா, சொல்ல வந்தது முடியட்டும்னு ஒரு மூச்சு விட்டு அடிப்பான்."

பொய்யில்லை. அந்த ஒரு மூச்சை அவர் யாருக்கும் கொடுக்காமல் இருந்ததில்லை.

போன மழையில் அவருடைய தங்கை மகள் போய்விட்டாள். ரோடு எது, கால்வாய் எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. பள்ளிக்கூடப் பையோடு நடந்த பிள்ளை கால்வாய்க்குள் கால் வைத்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தவர் தாய்மாமனான இவர்தான். மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கிடந்த தங்கை ஒருநாள் எழுந்து வந்தாள்.

"அண்ணா, கால்வாய் ஓரமா கம்பி வேலி போடச் சொல்லிக் கேக்கணும். இன்னொரு புள்ள விழக் கூடாது. மழைக்கு முன்னாடி போட்டுட்டாப் போதும்."

வேறு யாராக இருந்தாலும், 'வேலி போடுங்கன்னு கேட்டுட்டு உட்காரு' என்று சொல்லியிருப்பார்கள். இவருக்கு அது ஆகாது.

"எடுத்த எடுப்புல கேட்டா மரியாதை இல்லம்மா. முதல்ல மேயர், அப்புறம் துணை மேயர், அப்புறம் உறுப்பினருங்க ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லி வணங்கணும். ஒருத்தரை விட்டாலும் மூஞ்சி சுண்டிடும். ஓட்டு போயிடும்."

தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வைத்தார். நாலு பேர் முன்னால் பேசியே அறியாதவள் கடகடவென்று ஒப்பித்தாள். அவருக்கு அத்தனை பெருமை.

வீட்டில் ஒப்பிப்பது வேறு, சபையில் நிற்பது வேறு. வார்த்தைகள் நின்று நின்று வந்தன. ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிவிட்டு, அவர் போனிலிருந்து தலை நிமிரும்வரை காத்திருந்து கும்பிட்டாள். மரியாதையாம்! சிலர் நிமிரவே இல்லை, அவர்களுக்கும் காத்திருந்தாள். மணிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். போதும்மா, விஷயத்துக்கு வா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கடைசிப் பெயரும் முடிந்தது.

"எங்க வீட்டுப் பின்னாடி..." என்று ஆரம்பித்தாள். கடிகார முள் மூன்றாவது நிமிடத்துக்கு வந்துவிட்டது.

அவள் யாருடைய தங்கை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மேயர் கண் மணியின் மேல் இருந்தது. ஊருக்கு ஒரு நியாயம், உடன்பிறந்தவளுக்கு ஒரு நியாயமா என்று யாராவது கேட்டுவிட்டால்? ஊரில் எல்லோருக்கும் விட்ட அந்த ஒரு மூச்சை அன்றைக்கு அவர் விடவில்லை. மணியைத் தட்டிவிட்டார். வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் என்பார்கள். இங்கே அண்ணன் கையாலேயே உடைந்தது.

திறந்த வாய் திறந்தபடி அவள் உட்கார்ந்தாள்.

"கூடப்பிறந்தவன்னுகூடப் பாக்கல பாருங்க! இவரால நம்ம மன்றத்துக்கே பெருமை" என்றார் மேயர். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அவள் எதற்கு வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். திட்டித் தீர்ப்பாள், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பின்கதவு திறந்திருந்தது, கால்வாய் தெரிந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணா, நீ சொல்லிக் குடுத்தபடி ஒருத்தரையும் விடலையே? எல்லார் பேரையும் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தாம்மா சொன்ன."

அவள் கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணு பேரைத்தான் சொல்ல முடியாமப் போச்சு."