அடுப்பங்கரைக்கு வந்த கடல்

ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் பாடம் நடத்தும்போது நான் கரும்பலகையில் வரைகிற கடற்கரையில் எல்லாமே இருக்கும். இடது ஓரத்தில் செங்குத்தான பாறைச் சரிவு, அதன் அடியில் அலை குடைந்த குகை, பக்கத்தில் ஒரு வளைவு, தனியே நிற்கும் கல்தூண், வலது பக்கம் நீண்ட மணல் திட்டு, அதற்குப் பின்னால் காயல். அலைகளுக்கு நீலச் சாக்பீஸ். பதினெட்டு வருஷமாக இந்த ஒரே படத்தைத்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். அங்கேயும் குளித்தவர்களின் துணிமூட்டைக்கும் செருப்புக்கும் காவல் இருந்த ஞாபகம்தான் அதிகம்.

எங்கள் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக மாற்றலாகி வந்தவள் ஒருநாள் வகுப்பு வாசலில் நின்று அந்தப் படத்தைப் பார்த்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம் அவளுக்குச் சொந்த ஊர். மணி அடித்து, பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு உள்ளே வந்தாள்.

"அக்கா, இந்தக் கடல் எந்த ஊர்ல இருக்கு?" என்று கேட்டாள்.

கிண்டலாகத்தான் கேட்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, உண்மையாகவே கேட்டாள். அவள் ஊரில் பாறையே கிடையாதாம். கண்ணுக்கு எட்டின மட்டும் மணல்தான். அந்த மணலும் ஓர் இடத்தில் இருக்காதாம். ஆனி, ஆடியில் அலை அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும், ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சத்தைத் தெற்கே திருப்பிக்கொண்டு வரும் என்றாள். என் பாடப் புத்தகத்தில் அதற்கு இரண்டு வரி உண்டு. அந்த இரண்டு வரியையும் நான் மனப்பாடமாகச் சொல்வேன். மணல் நடக்கும் என்று சொல்கிற ஓர் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அப்பா, அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். மாடி சும்மா கிடந்தது. அந்த மாதமே அவள் மாடிக்குக் குடிவந்துவிட்டாள். அவளுக்கு அப்பா இல்லை. ஊரில் அம்மா மட்டும், அப்பா இருபது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் போய், ஞாயிற்றுக்கிழமை திரும்புவாள். திரும்பி வரும்போதெல்லாம் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை எட்டு நடை மிச்சம் என்று சொல்வாள். முதல் வருஷம் அறுபது. மறு வருஷம் இருபத்திரண்டு.

தெற்கே பக்கத்து ஊரில், வள்ளங்களைக் கரையேற்ற வசதியாகக் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டிருந்தார்கள். வடக்கே நடந்து வருகிற மணல் அந்தக் கல்லில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஊரில் கரை அகலமானது. இவர்கள் ஊருக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. ஆனால் இருந்த மணலை அலை வழக்கம்போல எடுத்துக்கொண்டு போனது. இதை அவள் ஒரு கணக்கைப் போல எனக்குச் சொல்லிக் காட்டினாள். வரவு நின்றுவிட்டது, செலவு நிற்கவில்லை என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஆடி மாதம் ஒரு காலையில், பள்ளிக்குக் கட்டிய புடவையோடு போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்தாள். அடுப்பங்கரைச் சுவர் விழுந்துவிட்டதாம். அம்மாவுக்கு ஒன்றுமில்லையாம். இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

திருநெல்வேலியில் பஸ் மாறி, வாழைத் தோட்டங்களைத் தாண்டிப் போய், திருச்செந்தூரில் இன்னொரு பஸ் ஏறினோம். சிறிது தூரத்தில் பனைகளுக்கு நடுவே செக்கச்செவேலென்று மண் மேடுகள் வந்தன. தேரி. கடலோர மணலைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து குவித்து, அதிலுள்ள இரும்பு எத்தனையோ காலமாகத் துருப்பிடித்துச் சிவந்தது என்று பாடத்தில் சொல்வேன். வேறு எந்த நாளாக இருந்தாலும் இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்திருப்பேன். அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டின் முன்பக்கம் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. வாசலில் சாணி தெளித்திருந்தது. உள்ளே போனால், பின்பக்கம் அடுப்பங்கரை இருந்த இடத்தில் வெளிச்சம். சிமெண்டுத் தரை பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே மணலில் அம்மி கிடந்தது. அலை ஒவ்வொரு தடவையும் அதை நனைத்துவிட்டுப் போனது. அம்மா கேஸ் அடுப்பை முன்னறைக்கு மாற்றி, எங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

எங்களோடு வரச் சொன்னோம். அவர் அசையவில்லை. நான் படித்தவள் என்கிற நினைப்பில், அந்தக் கல்லால்தான் மணல் நிற்கிறது, இனி இந்த வீடு தாங்காது என்று எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தெரியும் டீச்சர். எங்க மண்ணு அங்கனதான் கெடக்கு. போயி கேக்க முடியுமா? அவங்களும் வள்ளத்தக் கரையேத்தணும்லா."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் பின்பக்கமாக இறங்கிப் போயிருக்கிறாள். சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தால், இடுப்பளவு நனைந்து, அம்மியை ஒற்றையாளாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஓர் அலை வந்து அவளை முட்டுக்குத்தி விழத் தள்ளியது. எழுந்து மறுபடியும் அம்மியைப் பிடித்தாள். பள்ளியில் ஒரு பிள்ளையிடம்கூடக் குரல் உயர்த்தாதவள், வாய்விட்டு அழுதுகொண்டே அந்தக் கல்லோடு மல்லுக்கட்டினாள். அதில்தான் அவளுடைய அப்பா அவளுக்கு மருந்து அரைத்துக் கொடுப்பாராம்.

"ஏட்டி, விடு. அத விட்டுட்டு மேல வா. நான் வாரேன்," என்றார் அம்மா.

அம்மியை நாங்கள் விடவில்லை. மூன்று பேருமாகப் புரட்டிப் புரட்டித் தெருவுக்குக் கொண்டுவந்து, பக்கத்து வீட்டில் போட்டோம். பிறகு அம்மா முன்கதவைப் பூட்டினார். பின்பக்கம் திறந்துதான் கிடந்தது. இருந்தாலும் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

ஆறு மாதம் அவர் எங்களோடு இருந்தார். எங்கள் தெருவுக்குப் பின்னால் விசைத்தறிகள். முதல்நாள் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடல் சத்தம் மாதிரி இருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கடல் அடித்துவிட்டு ஒரு மூச்சு விடும், இது மூச்சே விடாமல் ஓடுகிறது, பாவம் என்றார். எங்கள் ஊரில் கிடைக்கிற ஐஸ் மீனை ஒருநாள் வாங்கிக் கொடுத்தேன். மரியாதைக்கு ஒரு துண்டு சாப்பிட்டார். அதற்குப் பிறகு மூன்று பேருக்கும் சாம்பார்தான்.

நான் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஆள். எத்தனை வருஷப் பழக்கம் என்று எனக்கே தெரியாது. இரண்டாம் நாளே அவர் கவனித்துவிட்டார். என் தட்டை வாங்கிக்கொண்டு போய்த் தரையில் வைத்து, பக்கத்தில் தன் தட்டையும் வைத்தார். "உக்காரு மக்கா. யாரு வெரட்டுதா?" என்றார். அதுவரைக்கும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தை பிறந்து சில நாளில் ஊரிலிருந்து போன் வந்தது. மண் வந்திருக்கிறது என்றார்கள். மூன்று பேரும் போனோம். உண்மைதான். வடக்கேயிருந்து திரும்பி வந்த மணல் வீட்டுக்குப் பின்னால் முப்பது எட்டுக்குக் குவிந்திருந்தது. இடிந்த சுவரின் செங்கல்லெல்லாம் அதற்கடியில் போய்விட்டது. அம்மா அதில் இறங்கி, தண்ணீர் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். இதை நம்பி இங்கேயே கட்டலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"வந்தது போவும்," என்றார். "மேட்டுல கட்டுவோம்."

கோயிலுக்குப் பின்னால், மேடான இடத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கோயில் என்று அவர்கள் சொல்வது மாதா கோயிலை. மாசியில் அஸ்திவாரம் தோண்டின அன்று நானும் போயிருந்தேன். முதலில் பொலபொலவென்று மணல் வந்தது. இடுப்பளவு ஆழத்தில் சிப்பியும் சங்கும் ஒரு பட்டையாக வந்தன. அதற்கும் கீழே கடப்பாரை ணங்கென்று நின்றது. வெளிறிய ஒரு பாறை. உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மணலும் சிப்பித் தூளும் சுண்ணாம்பில் இறுகிக் கல்லாகியிருந்தது. ஒரு காலத்தில் கடல் இங்கேதான் நின்றிருக்கிறது, இது அதனுடைய பழைய கரை என்று அம்மாவிடம் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் பயந்தேன். வீடு கட்டுகிற அன்றைக்குச் சொல்லக்கூடிய பேச்சா அது? அவர் ஒரு சங்கை எடுத்து மண்ணைத் தட்டிவிட்டு, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு தூரம் நமக்கு விட்டுக்குடுத்துட்டுப் போயிருக்கு. நாம இருபது வருஷம் பக்கத்துல இருந்துட்டு, அதுமேல கோவப்படுதோம்," என்றார். கொத்தனாரைக் கூப்பிட்டு, பாறை தட்டுப்படுகிற வரைக்கும் நாலு பக்கமும் தோண்டச் சொன்னார்.

சித்திரையில் இரண்டு அறையோடு வீடு முடிந்தது. மே மாத லீவில் மூன்று பேரும் முட்டம் போனோம். என் படத்தின் இடது பக்கத்தை ஒருதடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன். குமரியைச் சுற்றி மேற்கே திரும்பியதும் கடற்கரையே வேறாகிவிட்டது. ஊரே ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தது. கடல் எத்தனை ஆயிரம் வருஷம் முட்டினாலும் மேல்தோல் மட்டும் வழவழப்பாகிற பழைய பாறை. பாறைகளுக்கு நடுவே, கல் இளகிக் கொடுத்த இடங்களில் மட்டும் சின்னச் சின்ன மணல் வளைவுகள். இத்தனை வருஷம் நான் வரைந்தது இதுதான். குகையும் தூணும் இல்லை என்று மகள் என்னைக் கேலி செய்தாள்.

அம்மாவுக்குப் பாறையில் நடந்து பழக்கமில்லை. ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அழைத்துப் போய், நுனிக்குக் கொஞ்சம் முன்னால் உட்கார வைத்தோம். அலை வந்து அடித்து, ஆள் உயரத்துக்கு எழும்பி, வெறும் நுரையாக வழிந்தது. திரும்பிப் போய் மறுபடியும் வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து, அடுப்பங்கரையை நினைக்கிறார் போலிருக்கிறது என்று மகள் பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"பாவம்டி," என்றார் அம்மா. "இம்புட்டு அடிச்சும் அதுக்கு ஒரு பிடி மண்ணு கெடைக்கலையே."