தோர்த்தாவில் முட்டை இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். பின்பக்க மாடிப்படியின் மூன்றாவது படியில் ஒரு முட்டை ஓடு கிடந்தது. பாதி ஓடு. உள்பக்க ஈரம் இன்னும் காயவில்லை. படிக்கு மேலே எங்கள் சமையலறை. கீழே இத்தாலிக்காரத் தம்பதியின் குடித்தனம்.

தலைநகரம் வங்காளத்திலிருந்து டெல்லிக்குப் போவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. பாலிகஞ்சில் அப்போது வீடுகளைவிடக் குளங்கள் அதிகம். மாடியில் அண்ணா, மன்னி, நான். அண்ணாவுக்கு ஹவுராவில் ரயில்வே ஆபீஸ். எனக்கு ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் செய்திகளைத் திருத்தும் வேலை. கீழ்வீட்டுக்காரர் பளிங்கு செதுக்குகிறவர். ஊரில் எழும்பிக்கொண்டிருந்த பெரிய கட்டடங்களுக்காகக் கப்பலில் வந்தவர். நாங்கள் வேலைக்குப் போனபின், அவர் மனைவியும் மன்னியும் அந்தப் பின்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை வங்காளி. மன்னி அவளை, அக்கா என்ற அர்த்தத்தில், ‘தீதி’ என்று கூப்பிட்டாள். கும்பகோணத்திலிருந்து வந்த மூன்று வருஷத்தில் மன்னி வேறு எந்தப் பெண்ணோடும் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை.

அண்ணாவுக்கு இந்தச் சிநேகம் பிடிக்கவில்லை. தடுக்கவும் மனம் வரவில்லை. தீதி ஒரு பலகாரம் கற்றுத் தருவதாகச் சொன்னாள். அவர்கள் ஊர் வழக்கப்படி கீரையும் பாற்கட்டியும் வைத்து மூடிச் சுடுவது, பெயர் தோர்த்தா. மாதாகோவில் முடிந்து வந்து, காலைப் பலகாரமாகவும் இல்லாமல் மத்தியானச் சாப்பாடாகவும் இல்லாமல் பத்தரை மணிக்குச் சாப்பிடுவார்களாம். மன்னி இரண்டு வாரம் கேட்டபின் அண்ணா ஒப்புக்கொண்டார். எங்கள் சமையலறையில், எங்கள் பாத்திரத்தில், மன்னி கையால் செய்ய வேண்டும், முட்டை கூடாது. கீழ்வீட்டுக்காரர்கள் வராந்தாவின் ஒரு கோடியில் சாப்பிடலாம், நாங்கள் மறுகோடியில்.

அந்த ஓட்டை நான் கால் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டு போய் அண்ணாவிடம் காட்டினேன்.

அண்ணா தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

“எங்கேடா கிடந்தது?”

“மூணாவது படியில.”

“மேலேருந்து மூணாவதா, கீழேருந்தா?”

“மேலேருந்து.”

அண்ணா சமையலறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “இந்தா, கேட்டுக்கோ. இன்னிக்கு அந்தப் பலகாரத்துல ஒரு சொட்டு முட்டை இருந்தாலும் சரி, இருக்குமோன்னு எனக்குத் தோணினாலும் சரி, பின்கதவை ஆணி வெச்சு அடிச்சுடுவேன். அந்தக் கீழ்வீட்டுச் சட்டைக்காரி அதுக்கப்புறம் இந்தப் படி ஏறப்படாது.”

உள்ளே கீரை அலசும் சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

“டேய் அம்பி, நீதானே பத்திரிகைக்காரன்? மணையைப் போட்டு அங்கே உட்காரு. எது உள்ளே போறது, எது வெளியே வரதுன்னு பார்த்துச் சொல்லு.”

ஏழே முக்காலுக்குச் சமையலறை வாசற்படியருகே மணையைப் போட்டு உட்கார்ந்தேன். மன்னி என்னைப் பார்க்கவில்லை.

“காவலுக்கு வந்தாச்சா?” என்றாள், கீரையைப் பிழிந்துகொண்டே. “பேனா கொண்டுவரலையா?”

எட்டு மணிக்குத் தீதி வந்தாள். சமையலறைக்குள் அவள் வரக் கூடாது. வாசற்படிக்கு வெளியே, எனக்கு இரண்டு முழம் தள்ளி, முக்காலியில் உட்கார்ந்தாள். தோளில் கறுப்புச் சால்வை. மார்ச் மாதக் கடைசியில், அந்த வெக்கையில், சால்வை எதற்கு என்று யோசித்தேன். அதற்கடியில் அவள் இடது கை எதையோ பிடித்திருந்தது.

மன்னி மைதா மாவில் உப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்தாள். தீதி காற்றில் கைகளை மடக்கி மடக்கி அழுத்திக் காட்டினாள். “ஆரோ, ஆரோ,” என்றாள். இன்னும் பிசை என்பது. பிறகு என் பக்கம் திரும்பி, “டிம் நேய்,” என்றாள். முட்டை இல்லை. நான் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. கேட்காமலே சொல்லும் பதிலை என் தொழிலில் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்போம்.

எட்டு இருபதுக்கு மன்னி கீரையோடு சானாவைச் சேர்த்தாள். சானா என்பது பாலில் புளிப்பு விட்டுத் திரியவைத்து எடுப்பது. எங்கள் பக்கத்தில் பாலைத் தெரிந்தே திரிய வைக்கமாட்டார்கள். வங்காளத்துக்கு வந்து, சானாவில் செய்யும் சந்தேஷ் தின்னப் பழகியபின் அண்ணா அதைப் பேசுவதை விட்டுவிட்டார். மிளகும் ஜாதிக்காயும் விழுந்தன. எல்லாம் என் கண்ணெதிரே எங்கள் டப்பாக்களிலிருந்து வந்தவை.

அப்போது சால்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. ஒரு மூடிய கிண்ணம். நான் எழுந்து நின்றேன். தீதி சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். மஞ்சள் நிறத் துருவல். பழைய வெண்ணெயும் வியர்வையும் கலந்தாற்போல் ஒரு வாசனை. ஊரிலிருந்து கப்பலில் வந்த பாற்கட்டியாம். தாய் அனுப்பியதாம், ஒரு கைப்பிடி.

“என்ன அது?” என்று கூடத்திலிருந்து அண்ணா கேட்டார்.

“பாற்கட்டி,” என்றேன்.

“பால்தானே? சரி.”

கிண்ணம் வாசற்படியைத் தாண்டியது. மன்னி துருவல் முழுவதையும் கீரையில் கொட்டிப் பிசைந்தாள். மாவை இரண்டு வட்டமாக இட்டு, ஒன்றின்மேல் அதைப் பரப்பி, மற்றதால் மூடி, ஓரத்தை விரலால் மடித்தாள். சோமாசிக்கு மடிப்பது போலவே மடித்தாள். தீதி கை தட்டினாள். மேலே நெய்யும் பாலும் தடவப்பட்டன. தடவியதையும் கிட்டப் போய்ப் பார்த்தேன். மன்னி பித்தளைத் தாம்பாளத்தை வாளி அடுப்பில் ஏற்றி, ஒரு மூடியால் மூடி, மூடிமேல் தணல் போட்டாள்.

வேறு வேலை இல்லாததால் தீதியிடம் ஒன்று கேட்டேன். தயிருக்கு மோர் உறை. சானாவுக்குப் புளிப்பு. இவ்வளவு கெட்டியாக உறைவதற்கு அவர்கள் எதைப் போடுவார்கள்?

அவள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, “பாச்சுரேர் பேட்,” என்றாள். கன்றுக்குட்டியின் வயிறு. பால் குடிக்கும் கன்றை அறுத்தபின் அதன் இரைப்பையைக் காயவைத்து, ஒரு துண்டைப் பாலில் போடுவார்கள் என்று கையாலும் வங்காளியாலும் விளக்கினாள்.

மன்னியின் கையில் இடுக்கி அப்படியே நின்றது. என்னைவிட அவளுக்கு வங்காளி நன்றாகத் தெரியும்.

“என்ன சொல்றா அவ?” என்றார் அண்ணா.

மன்னி என்னைப் பார்த்தாள். அன்று காலையில் அதுதான் முதல் தடவை.

“பால்தான்னு சொல்றா,” என்றாள். இடுக்கியில் இருந்த தணலை மூடிமேல் வைத்தாள்.

ஒன்பதரைக்கு நான் படி இறங்கிக் கீழே போனேன். வாசலோரம் நான்கு செடித்தொட்டிகள். நான்கிலும் நொறுக்கிய முட்டை ஓடுகள் உரமாகக் கிடந்தன. கைப்பிடிச் சுவரில் ஒரு காகம் இன்னொரு பாதி ஓட்டை வைத்துக் கொத்திக்கொண்டிருந்தது. அதையும் அண்ணாவிடம் வந்து சொன்னேன்.

“அப்போ முட்டை இல்லை?”

“இல்லை.”

“கண்ணால பார்த்தியா?”

“ஏழே முக்காலிலேருந்து.”

“மேல ஏன் இப்படிப் பளபளக்கறது?”

“நெய்யும் பாலும். தடவினதைப் பார்த்தேன்.”

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நானும் வேறெதுவும் சொல்லவில்லை.

பத்தரைக்கு வராந்தாவில் சாப்பிட்டோம். பளிங்குக்காரர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு தின்றார். அண்ணா முதல் துண்டை முகர்ந்து பார்த்தார், விண்டு பார்த்தார், கீரையை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார்.

“வாசனைதான் ஒரு தினுசா இருக்கு,” என்றார். “நம்ம நெய்யாலதான் தேறித்து.” இரண்டாவது துண்டு கேட்டார். மன்னி போட்டாள்.

என் இலையிலும் ஒரு துண்டு இருந்தது. அதைத் தின்று முடிக்க ஆறு நிமிடம் ஆயிற்று.

எல்லோரும் எழுந்தபின் மன்னி சமையலறையில் தனியாக உட்கார்ந்தாள். தாம்பாளத்தில் ஒரு துண்டு மிச்சம். அதை அவள் காக்கைக்கு வைப்பாள் என்று நினைத்தேன். கதவிடுக்கில் பார்த்தேன். நிதானமாகத் தின்றாள், விளிம்புவரை. பிறகு வாயைக் கொப்பளித்தாள்.

பின்கதவு அன்று திறந்தே இருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தீதி மூன்றாவது படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.